பொட்டு வைத்த துப்பாக்கி

சந்தனம் இன்னும் காயவில்லை. அதன் நடுவில் குங்குமம். முனிராஜின் ஷெட்டில் அந்த நீளமான மரமேஜை மேல் இருந்த எல்லாவற்றுக்கும் அன்று அதே பொட்டுதான். ஸ்பேனர், சுத்தியல், டிரில் பிட்டுகள், எண்ணெய்க் குவளை, உடைந்த கைப்பிடியுள்ள அரம். அரத்துக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசியில், ஒரு நாட்டுத் துப்பாக்கி. அதற்கும் பொட்டு வைத்து ஒரு சாமந்திப் பூவும் சாத்தியிருந்தார்கள்.

என் கையில் பொரிப் பொட்டலம் இருந்தது. ஒரு வாய் போட்டுக்கொண்டேதான் கேட்டேன்.

"என்ன முனிராஜ் இது?"

"ஒரு பார்ட்டி குடுத்த வேலை அக்கா. அஞ்செட்டிப் பக்கம் தோட்டம் வெச்சிருக்காராம். யானை, பன்னி எல்லாம் எறங்கி அழிச்சிட்டுப் போவுதாம். லைசென்ஸ் இருக்குதுன்னு சொன்னாருக்கா. அதோ ஒக்காந்துக்கினு இருக்காரு பாருங்க, அவருதான்."

இரும்பு நாற்காலியில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எண்ணெய் போட்டு வாரிய தலையுடன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் முனிராஜின் மனைவி ரத்னம்மா இட்ட குங்குமம். வாழையிலையில் சுண்டல். என்னைப் பார்த்து ஒரு மரியாதையான கும்பிடு வேறு.

காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், வக்கீலாகப் பார்த்ததையெல்லாம் நான் எழுதிவரும் இந்தத் தொடரைத் தவறாமல் படிக்கிறார். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "திருடன், கொலைகாரன் பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள். நாங்கள் மாறுவேஷத்தில் போய்க் கள்ளத் துப்பாக்கி பிடித்ததைப் பற்றி ஒரு வரி உண்டா?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். ஒரு வரி என்ன, ஓர் அத்தியாயமே எழுதுகிறேன். அவர் இதைப் படித்த பிறகும் என்னுடன் பேசினால் சந்தோஷம்.

கம்பெனி ஊரின் திருவிழா

எண்பதுகளின் பின்பாதி. அப்போது நாங்கள் ஓசூரில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. நான் தினமும் காலை பஸ்ஸைப் பிடித்துக் கிருஷ்ணகிரிக்குப் போய், காதர் சாரிடம் ஜூனியர் வக்கீலாக இருந்தேன். சூளகிரி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். கண்டக்டர்தான் எழுப்பிவிடுவார்.

எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டுகள் வரிசையாக இருந்தன. பெரிய கம்பெனிகள் வெளியே கொடுக்கும் சில்லறை வேலைகளை எடுத்து இரும்பு கடையும் லேத் பட்டறைகள். முனிராஜுடையது மூன்று பேர் வேலை செய்யும் பட்டறை. தளிப் பக்கத்தில் கேழ்வரகு பயிரிடும் குடும்பம். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், இரும்புக் கடையில் கன்னடம். எதில் பேசினாலும் குரலை உயர்த்தத் தெரியாத மனிதர்.

ஓசூரில் தீபாவளிக்கு எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஊரே கூடிக் கொண்டாடுவது ஆயுத பூஜையைத்தான். ஷெட்டுகளைக் கழுவி, மெஷின்களுக்கு வாழைக்கன்று கட்டி, கதவை முழுக்கத் திறந்துவைத்துவிடுவார்கள். தெரிந்தவர், தெரியாதவர் யாரும் உள்ளே போகலாம். ஒரு ஷெட்டில் பொரி, அடுத்ததில் சுண்டல், அதற்கடுத்ததில் கேசரி. கட்டிங் ஆயில் வாசனையும் சாம்பிராணியும் கலந்து வரும் ஒரு வாசனை உண்டு, அது வேறு எந்த ஊரிலும் கிடையாது.

அந்த நாளில் பட்டறைக்காரர்களுக்கு இரண்டு நியமங்கள். பட்டறையில் இருக்கும் எந்த வேலையையும் ஒளித்துவைக்கக் கூடாது, முடிந்தது, முடியாதது எல்லாமே பூஜையில் இருக்க வேண்டும். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை தேங்காய் உடைக்கும் வரை யாரும் தொடக் கூடாது. இந்த இரண்டையும் முனிராஜ் அப்படியே கடைப்பிடித்தார். அதற்குத்தான் அவருக்குத் தண்டனை கிடைத்தது என்று நான் இன்றும் சொல்வேன்.

நான் கிளம்பும் நேரத்தில் அந்தத் தோட்டக்காரர் எழுந்து கையைக் கழுவினார்.

"முனிராஜு, அதக் குடுத்துடுப்பா. பஸ்ஸுக்கு நேரமாவுது."

"இன்னைக்கு எடுக்கக் கூடாதுங்க. பூஜையில வெச்சது. நாளைக்குக் காத்தால தேங்கா ஒடச்சிட்டு உங்க கையிலயே குடுக்கறேன்."

"அட, சாமி ஒண்ணும் கோச்சிக்காது. சாக்குல சுத்திக் குடு."

"இல்லைங்க. லேத்தையே இன்னைக்குத் தொடல. நாளைக்கு வாங்க."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பொழுது சாயும் நேரத்தில் ரத்னம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தார். ஜீப் வந்ததாம். தோட்டக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முனிராஜின் கழுத்தில் கை வைத்தாராம். "அக்கா, எங்க வூட்டு சுண்டல் தின்ன வாய் காயறதுக்குள்ள அடிச்சிட்டான்க்கா" என்றார். அந்தத் தோட்டக்காரர் ஒரு போலீஸ்காரர்.

யார் கொடுத்த ஆர்டர்?

எடுத்துக் கொடுக்க மறுத்த மனிதரை விற்கப் போனதாகச் சொல்லிப் பிடித்தார்கள்.

நடந்ததை முனிராஜ் சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். அந்த வருஷம் பெரிய கம்பெனி ஒன்றில் ஸ்டிரைக். பட்டறைகளுக்கு வேலை வருவது நின்றுபோயிருந்தது. அப்போதுதான் இந்த ஆள் வந்திருக்கிறார். முதலில் ஒரு பம்ப் செட்டின் தண்டைக் கடைந்து வாங்கிப் போனார். அடுத்த முறை துப்பாக்கிப் பேச்சு. முனிராஜ் முடியாது என்றார். மறுபடி வந்தார். மறுபடியும் முடியாது. மூன்றாம் முறை வந்து, யானைக் கூட்டம் இறங்கி ஒரே ராத்திரியில் கேழ்வரகுக் கொல்லை முழுவதையும் மிதித்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பாவும் அப்படித்தான்க்கா கொல்லையில ஒக்காந்து அழுதாரு. அந்த ஆளு அழுதப்போ எனக்கு எங்கப்பாதான் தெரிஞ்சாரு."

மரக்கட்டையையும் விசையையும் அந்த ஆளே கொண்டுவந்து கொடுத்தார். பழைய துப்பாக்கி, குழாய் மட்டும் துருப்பிடித்துவிட்டது, லைசென்ஸ் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்றார். லைசென்ஸைக் கண்ணால் பார்க்காமல் முனிராஜ் குழாயைக் கடைந்தது தப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தப்பை அவர் மனதில் விதைத்து, தண்ணீர் ஊற்றி, வளர்த்து, அறுவடைக்கு ஜீப் எடுத்து வந்தவர்கள் யார்?

மறுநாள் பத்திரிகையில் 'கள்ளத் துப்பாக்கித் தொழிற்சாலை கண்டுபிடிப்பு' என்று செய்தி. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஓட்டை ஃபேன் இருந்த ஷெட் தொழிற்சாலையாகிவிட்டது.

நான் துப்பாக்கிக்கு வக்கீல் அல்ல

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கள்ளத் துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று நினைப்பீர்கள்.

என் சித்தியைப் பாரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் போடும் வீடு. சித்தியின் ஒரே மகன் செல்வம். வாய்க்கால் மடையை யார் முதலில் திறப்பது என்ற தகராறில் பக்கத்து வயல்காரன் நாட்டுத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டான். பட்டப்பகல். தம்பி வரப்பிலேயே விழுந்தான். ஆஸ்பத்திரியில் அவன் சட்டையை என்னிடம்தான் கொடுத்தார்கள். ஈரச் சேறும் ரத்தமும் கலந்திருந்தது. நான் அதைக் கொடியில் போடவும் முடியாமல் கீழே போடவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

சுட்டவனுக்குத் தண்டனை கிடைத்தது. துப்பாக்கியை விற்றவன்? அது எல்லைக்கு அந்தப் பக்கம் வாரா வாரம் கூடும் ஒரு மாட்டுச் சந்தையில் வாங்கியது. சந்தையில் யாரைக் கேட்டால் கிடைக்கும் என்று மாடு வாங்கப் போன எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போலீசுக்குத் தெரியாதா? எல்லையோர ஸ்டேஷனுக்கு நானே போய்க் கேட்டேன். "அது கர்நாடகா மேடம், எங்க லிமிட்டு இல்ல" என்றார்கள். பத்து நிமிஷம் நடந்தால் வந்துவிடும் கர்நாடகா. மாடு போகும், துப்பாக்கி வரும், சட்டம் மட்டும் செக்போஸ்ட்டில் நின்றுவிடும்.

சித்தி கடைசிவரை ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "சுட்டவன் பேரு தெரியுது. வித்தவன் பேரு இன்னாடி?" ஆகவே துப்பாக்கி விற்பவனைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு யாரைவிடவும் ஆசை அதிகம். அதனால்தான் முனிராஜைப் பிடித்தபோது எனக்கு வந்த ஆத்திரமும் அதிகம்.

கோட்டைக் கழற்றிய கதை

கேஸை நானே நடத்துகிறேன் என்று காதர் சார் முன்னால் போய் நின்றேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீ எப்படிம்மா நடத்துவ? அந்த ரூம்ல நீ இருந்திருக்க. துப்பாக்கியப் பார்த்திருக்க. அவன் குடுக்க மாட்டேன்னு சொன்னதக் காதால கேட்டிருக்க. நீ வக்கீல் இல்ல, சாட்சி. கோட்டக் கழட்டு, கூண்டுல ஏறு. மத்தத நான் பாத்துக்கறேன்."

வக்கீல் சாட்சிக் கூண்டில் ஏறுவதென்றால் சும்மாவா? துப்பாக்கியைப் பார்த்தும் போலீசுக்குச் சொல்லாதவள் என்று ஊர் முழுக்கப் பெயர் வரும். இனி ஸ்டேஷனில் என் கட்சிக்காரர் யாருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் நண்பர்கள் சிரித்தபடி எச்சரித்தார்கள். என் கணவர் மட்டும், "அந்த ஷெட்டில் நீதானே பொரி தின்றாய், நீயே போய்ச் சொல்" என்றார்.

போலீஸ் தரப்புக் கதை என்ன தெரியுமா? ரகசியத் தகவல் கிடைத்ததாம். பஸ் ஸ்டாண்ட் அருகே முனிராஜ் சாக்குப்பையில் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு ஆள் தேடிக்கொண்டிருந்தாராம். கையும் களவுமாகப் பிடித்தார்களாம். பிறகுதான் ஷெட்டுக்குப் போய்க் கருவிகளைக் கைப்பற்றினார்களாம். பூஜை, பொரி, தோட்டக்காரர், எதுவும் அந்தக் கதையில் இல்லை.

இன்ஸ்பெக்டரைக் காதர் சார் குறுக்கு விசாரணை செய்ததை நான் பார்க்கவில்லை. சாட்சி வெளியே நிற்க வேண்டும். மதியம் சாப்பிட்டுக்கொண்டே அவர் அதை எனக்கு நடித்துக் காட்டினார்.

கோர்ட்டில் சாக்கைப் பிரித்துத் துப்பாக்கியை மேஜை மேல் வைத்திருக்கிறார்கள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் அப்படியே இருந்தது.

"இன்ஸ்பெக்டர், இந்தத் துப்பாக்கிய எங்க இருந்து எடுத்தீங்க?"

"சாக்குப்பைக்குள்ள இருந்து."

"பஸ் ஸ்டாண்டுல."

"ஆமா."

"விக்கறதுக்கு மறைச்சு எடுத்துட்டு வந்த துப்பாக்கிக்குப் பொட்டு வெச்சது யாரு?"

"தெரியாது."

"நீங்க வெச்சீங்களா?"

"இல்ல."

"உங்க ஸ்டேஷன்ல யாராவது?"

"தெரியாது."

"பஸ் ஸ்டாண்டுல யாராவது வெச்சிருப்பாங்களோ?"

நீதிபதி பேனாவை மூடிவைத்துவிட்டு இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தாராம்.

என் முறை வந்தது. அரசு வக்கீல் என்னைத் தினமும் பார்ப்பவர், டீ வாங்கிக் கொடுப்பவர். அன்று முன்பின் தெரியாதவர்போல ஆரம்பித்தார்.

"நீங்கள் சட்டம் படித்தவர். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததும் என்ன செய்தீர்கள்?"

"பொரி சாப்பிட்டேன்."

கோர்ட்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் போலீஸ்காரரும் அதைத்தான் செய்தார். ஒளித்துவைத்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். சாமி முன்னால் வைத்திருந்தார், லைசென்ஸ் இருக்கிறது என்றார், நம்பினேன். இன்றைக்கு எடுத்துத் தர மாட்டேன் என்று அவர் சொன்னதையும் கேட்டேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்வி

அன்று சாயங்காலம் வராண்டாவில் இன்ஸ்பெக்டர் என்னை நிறுத்தினார். அவருடைய நியாயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"மேடம், துப்பாக்கி விக்கிறவன் போர்டு மாட்டிக்கிட்டா விக்கிறான்? யூனிஃபார்ம்ல போய் நின்னா எவனாவது காட்டுவானா? மாறுவேஷம் போடாம நாங்க எப்படிப் பிடிக்கறது, நீங்களே சொல்லுங்க."

கேள்வி நியாயமானது. அதனால் பதிலும் சொன்னேன். "போடுங்கள். தாராளமாக வேஷம் போடுங்கள். மாடு வாங்குபவராக எல்லைக்கு அந்தப் பக்கத்து மாட்டுச் சந்தைக்குப் போங்கள். அங்கே விற்பவன் ஏற்கனவே இருக்கிறான், நீங்கள் கேட்டால் அடுத்த நிமிஷம் எடுத்துக் காட்டுவான். அவனைப் பிடித்தால் நானே மாலை போடுகிறேன். இங்கே விற்பவன் இல்லை. நீங்கள் ஆளை அனுப்பி, கட்டையும் விசையும் கொடுத்து, அழுது, கெஞ்சி, ஒருவனை உண்டாக்கினீர்கள்."

"மேலேருந்து கேஸ் எங்கன்னு கேக்கறாங்க மேடம்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் உண்மை. சந்தைக்காரனுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள், அவனைத் தொட்டால் திருப்பி அடிப்பான். முனிராஜ் திருப்பி அடிக்க மாட்டார். மாறுவேஷத்தால் பயன் உண்டா இல்லையா என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: வேஷம் போட்டுக்கொண்டு யார் வீட்டுக்குப் போனீர்கள்?

விடுதலை

சில வருஷங்கள் இழுத்து முனிராஜ் விடுதலையானார். 'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து' என்று தீர்ப்பு. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். யாருக்கு என்ன சந்தேகம்? பொட்டு கண் முன்னால் சிவப்பாக இருந்தது. விடுதலைச் செய்தியைப் போடச் சொல்லி அந்தப் பத்திரிகைக்குப் போனேன். "பழைய மேட்டர் மேடம்" என்றார்கள். இன்ஸ்பெக்டர் அதற்குள் பதவி உயர்வில் வேறு ஊர் போயிருந்தார்.

சீல் வைத்த ஷெட்டை ஓனர் வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். லேத்தைப் பாங்கு எடுத்துக்கொண்டது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் 'துப்பாக்கி முனிராஜ்' என்ற பெயர் அவருக்கு முன்னால் போய் நின்றது. கடைசியில் கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலில் வாட்ச்மேன் வேலை. சீசன் நாட்களில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அழுகிய மாம்பழ வாசனைக்கு நடுவே, கையில் ஒரு தடியுடன் எனக்கு வணக்கம் வைப்பார். மயிரிழையையும் அளக்கும் மைக்ரோமீட்டரைப் பிடித்த கை அது.

போலீஸ் எடுத்துப் போனதில் மிச்சமிருந்தது ஒரு சக் மட்டும். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்குமே, அந்தக் கனத்த உருண்டைத் தலை. திருப்பித் தரச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போட்டும் ஸ்டேஷனில் இன்று நாளை என்று அலைக்கழித்தார்கள். ஒருநாள் வரச் சொன்னார்கள். நானும் முனிராஜும் போனோம்.

போய் நின்றபிறகுதான் உறைத்தது. ஆயுத பூஜை. ஸ்டேஷன் வாசலில் வாழைக்கன்று, தோரணம். உள்ளே ஒரு பெஞ்சில் துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ. சாம்பிராணிப் புகைக்கு நடுவே அந்த வரிசையின் கடைசியில், துருவேறி, முனிராஜின் சக். அதற்கும் பொட்டு.

வயதான ஏட்டு ஒருவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு அந்தத் துப்பாக்கிய சாக்குல கட்டினது நான்தாம்மா. பொட்டத் தொடச்சிட்டுக் கட்டுன்னாங்க. பூஜை போட்டத தொடைக்கக் கை வரல, அப்படியே கட்டிட்டேன். அந்தக் கட்டை, விசையெல்லாம்கூட இங்க பழைய கேஸுல கெடந்ததுதான். இந்தச் சக்குக்கும் வருஷா வருஷம் நான்தான் பொட்டு வெக்கறேன். தொழில் பண்ற பொருளாச்சே."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்வதா, அறைவதா என்று தெரியவில்லை. கோர்ட்டில் வந்து இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையே.

ஸ்டேஷன் ரைட்டர் ஒரு தட்டில் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து முனிராஜிடம் நீட்டினார். முனிராஜ் வாங்கவில்லை. நேராகப் பெஞ்சுக்குப் போய்ச் சக்கின் மேல் கை வைத்தார்.

ஏட்டு பதறிப்போனார். "இன்னைக்கு எடுக்கக் கூடாதுப்பா. பூஜையில வெச்சது. நாளைக்குக் காத்தால வந்து எடுத்துக்க."

முனிராஜ் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு நானும் இதத்தானே சார் சொன்னேன்."

அத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, சக்கின் மேலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்தார். பூவை எடுத்துப் பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டு, சக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.